இடப்பக்கம் பிரிந்த பாதை

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் நானும் என் அக்கா மெங்கியாவும் கயிற்றுவண்டியில் மலைமேல் போய் இறங்கினோம். கூட்டமில்லை. நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு வயதான தம்பதி மட்டும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து எங்கள் ஊருக்கு நடந்தே இறங்கலாம். குளிர்காலம் முழுக்க அந்தப் பாதையில் வண்டி விட்டுப் பனியை அமுக்கி, சீப்பால் வாரியதுபோல் வரிவரியாக்கி வைப்பார்கள். இரண்டு ஓரமும் இளஞ்சிவப்புக் கம்பங்கள் நட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே நடந்தால் குழந்தைகூட வழிதவறாது.

அந்த வண்டியை ஓட்டியவர் அக்காவின் கணவர் பெய்டர். முந்தைய குளிர்காலத்தில் ஒரு விடிகாலை, பனிச்சரிவு அவரை வண்டியோடு பள்ளத்துக்குள் தள்ளியது. கோடையில் பனி உருகியபோது வண்டி கிடைத்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. இருக்கை வார் மாட்டியபடியே இருந்தது.

பெய்டர் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா மலையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அன்று காலை தானாகவே, "நடந்து வரலாமாடி?" என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"என்னடி, பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கி வர்றே?" என்றாள், பாதி தூரத்தில். "ஒரு வருஷமா ஊரே என்கிட்ட மெதுவாத்தான் பேசுது. நீயாவது திட்டேன்."

"உன் பார்லி சூப்பை இன்னொரு தடவை வாயில வச்சா, திட்டு தானா வரும்க்கா."

சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டே எவ்வளவோ நாளாகியிருந்தது.

மூடுபனி அப்போதுதான் வந்தது. கீழேயிருந்து புகைபோல ஏறி, முதலில் காட்டை விழுங்கியது. பிறகு கம்பங்களை ஒவ்வொன்றாக. எங்கள் காலடியில் பனி நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

பிறகு எஞ்சின் சத்தம்.

ஆட்கள் நடக்கிற நேரத்தில் பாதையில் வண்டி விடவே மாட்டார்கள். என்றாலும் அக்காவை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினேன். சத்தம் பின்னாலிருந்து நெருங்கியது. கால்களுக்கடியில் தரை அதிர்ந்தது. டீசல் வாடையும் நனைந்த கம்பளி வாடையும் முகத்தில் அடித்தன. எங்களை உரசியபடி கடந்து போனது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த காலடித் தடங்கள் இல்லை. பனி புதிதாக வாரிவிடப்பட்டிருந்தது.

"அக்கா, வேகமா நட."

அவள் நகரவில்லை. இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பாதை பிரிந்து போனது. அதே வரிகள், அதே இளஞ்சிவப்புக் கம்பங்கள். பிறந்ததிலிருந்து இந்த மலையில் நடக்கிறேன். அங்கே பாதை கிடையாது. அந்தப் பக்கம் பள்ளம்தான்.

அந்தப் பாதைக்குள்ளேயிருந்து பெய்டரின் குரல் வந்தது.

"மெங்கீ... ஏறு. குளிருது."

அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"லடினா, நீயும் வா." என் பெயர். "இடம் இருக்கு."

அவளைப் பின்னால் இழுத்தேன். அக்கா மட்டும் நிதானமாக, கடைக்காரரிடம் விலை கேட்டவள்போல், தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் இல்லடி இது," என்று கிசுகிசுத்தாள். "அவர் என்னை மெங்கின்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல."

"தெரியுதில்ல? வா போயிடலாம்!"

"குரலை மட்டும் எங்கிருந்தோ எடுத்து வச்சிருக்கு."

"அக்கா, உன் கால்ல விழறேன். வா."

"வீட்டுக்குப் போய் என்ன செய்ய, லடினா? அங்க என்னை யாரும் கூப்பிடலையே."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோபமில்லை, அவசரமில்லை. தூங்கிப்போன குழந்தையின் பிடியை விலக்குவதுபோல விலக்கினாள். கத்தினேன். பின்னாலேயே ஓட நினைத்தேன். முழங்காலுக்குக் கீழே கால்களே இல்லாததுபோல் இருந்தது. கம்பங்களுக்கு நடுவே அவள் முதுகு வெளுத்து, மங்கி, கரைந்தது.

வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எஞ்சின் உறுமிக்கொண்டு இறங்கிப் போனது.

மூடுபனி விலகியபோது வெயில் அடித்தது. இடப்பக்கம் பாதையும் இல்லை, கம்பமும் இல்லை. இடுப்பளவுப் பனி, ஒரு பறவைகூட மிதிக்காமல் மின்னியது. மீட்புக்குழுவின் நாய்கள் அந்த ஓரம்வரை வந்து உட்கார்ந்துவிட்டன. எவ்வளவு அதட்டியும் ஒன்றும் இறங்கவில்லை. ஈஸ்டர் வரை ஆட்கள் தேடினார்கள். கோடையில் பள்ளம் முழுக்க உருகி வடிந்தது. அக்காவின் கைக்குட்டைகூடக் கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். அந்த மலைப்பாதையை மூடிவிட்டார்கள்.

இந்த வருஷத்து முதல் பனி நேற்று விழுந்தது. காலையில் என் கணவன் குர்தின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"லடினா! நம்ம சந்துல எப்படி வண்டி விட்டாங்க? இங்க வந்து பாரேன், பாய் விரிச்ச மாதிரி இருக்கு!"

ஓடினேன். எங்கள் சந்தில் தள்ளுவண்டியே திரும்பாது. ஆனால் வாசற்படியிலிருந்து, எதிர்வீட்டுச் சுவர் நிற்க வேண்டிய இடத்தையும் தாண்டி, வரிவரியாகப் பனி வாரியிருந்தது. இரண்டு ஓரமும் இளஞ்சிவப்புக் கம்பங்கள். அதன் கோடியில் மூடுபனி நின்றது.

"யாரோ என்னைக் கூப்பிடறாங்க," என்றான் குர்தின். "உங்க அக்கா குரல் மாதிரி இல்ல?"

அவனுடைய ஒரு கால் அதற்குள் பாதையில் இருந்தது.