ஃபாண்ட்யூ சட்டியின் கடைசிப் பொருக்கு

நெடுஞ்செழியனின் தலை மேசைமேல் சாய்ந்தபோது, அவன் வேடிக்கை காட்டுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் அப்படிப்பட்ட ஆள்.

"எந்திரிங்க, போதும்," என்று கயல் கணவனின் தோளை உலுக்கினாள். அவன் எழவில்லை. விரலிடுக்கில் இருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

எதிரே இருந்த எழிலரசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி மிக மெதுவாக அடித்தது. இமையைத் தூக்கினாள். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது.

"செழியன் அண்ணா, நான் பேசறது கேக்குதா?"

"ம். தூக்கமா வருது. வாயெல்லாம் ஒட்டுது."

"ஹம்சா, 911-க்கு போன் பண்ணு. உடனே."

ஞாயிற்றுக்கிழமை மதியம். அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில், பழைய ரயில் பாதையை ஒட்டிய 'லா மார்மோத்' என்ற சிறிய உணவகம். பிரான்சின் மலைப்பகுதியான சவோய் நாட்டுச் சமையலைத் தவிர வேறு எதுவும் அங்கே கிடையாது. நடத்துபவர் மார்த்தின். அறுபதைத் தாண்டிய, சவோயிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி.

மேசையில் ஐந்து பேர். விருந்து கொடுத்தது பசுபதியும் அவன் மனைவி ஹம்சாவும். பசுபதிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது. அவனோடு ஈரோட்டில் என்ஜினீயரிங் படித்த நெடுஞ்செழியன், யாரும் கேட்காமலேயே, தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று முன்வந்திருந்தான். வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் நன்றி சொல்ல ஒரு சாப்பாடு. நெடுஞ்செழியனும் கயலும் விருந்தாளிகள். ஐந்தாவது ஆள் எழிலரசி, ஹம்சாவின் பக்கத்து வீட்டுக்காரி. மருத்துவமனையில் ஃபார்மசிஸ்ட். ஒரு நோயாளிக்கு டாக்டர்கள் எழுதும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்ப்பது அவள் வேலை.

ஆம்புலன்ஸ்காரர் ரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சீஸ், ரொட்டி, காளான் சாலட், கடைசியில் புளூபெர்ரி டார்ட் என்று கயல் அழுதுகொண்டே சொன்னாள். "சாப்பாட்டில் ஏதாவது இருக்கலாம்," என்றார் அவர். அது பக்கத்து மேசைகளிலும் கேட்டது. கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு குடும்பம் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தது.

மார்த்தின் சமையலறை வாசலில் ஏப்ரனைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கயல், நீ அவர்கூட ஏறு," என்றாள் எழிலரசி. "நாங்க பின்னாடியே வரோம். உள்ளே என்ன போச்சுன்னு தெரியாம டாக்டர் இருட்டுல தேடணும். அத மட்டும் பாத்துட்டு வரேன்."

வண்டி கிளம்பியதும் அவள் மார்த்தினிடம் போனாள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"எங்கள் மேசையில் எதையும் கழுவ வேண்டாம். எடுத்ததை எல்லாம் அப்படியே வையுங்கள்."

"என் தப்புதான்," என்றார் மார்த்தின். "ஃபாண்ட்யூவுக்கு வெள்ளை ஒயின் ஊற்றித்தான் சீஸை உருக்குவோம். ஆபரேஷன் இருக்கிறது, ஒயின் வேண்டாம் என்று உங்களை அழைத்துவந்த அந்த அம்மா சொன்னார். அதனால் ஆப்பிள் ஜூஸ் ஊற்றினேன். இதுவரை அப்படிச் செய்ததே இல்லை."

"ஜூஸ் எல்லோருக்கும்தானே போனது?"

"ஒரே சட்டிதான்."

"காளான்?"

"கடையில் வாங்கியது. காலையில் நானும் அதையே சாப்பிட்டேன்."

எழிலரசி மேசைக்குத் திரும்பினாள். நடுவில் மண்சட்டி, கீழே அணைந்துபோன சிறிய அடுப்பு. நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, உருகிய சீஸில் முக்கி, எல்லோரும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டிருந்தார்கள். பசுபதி மட்டும் தொடவில்லை. சீஸ் அவனுக்கு ஆகாது. அவனுக்காக மார்த்தின் உப்பில்லாமல் கோழி வேகவைத்துத் தந்திருந்தார். சட்டிக்குப் பக்கத்தில் மரப்பிடி போட்ட ஒரு குட்டைக் கத்தி இருந்தது. சுத்தமாக, பளபளவென்று.

ஃபுட் பாய்சனிங் என்றால் வாந்தி வரும், நாடி தறிகெட்டு ஓடும். இங்கே எல்லாம் தலைகீழ். நாடி குறைவு, பிரஷர் குறைவு, வறண்ட வாய், சுருங்கிய கண்மணி, தூக்கம். இது மருந்தின் வேலை. எந்த மருந்து, எதற்குள் போனது என்பதுதான் கேள்வி.

ஹம்சா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பசுபதி அவள் பக்கத்தில் தலை குனிந்து இருந்தான்.

"ஹம்சா, செழியன் அண்ணா சாப்பிட்டு நாம சாப்பிடாதது என்ன?"

"ஒண்ணுமில்லையே. எல்லாம் ஒண்ணாத்தான சாப்ட்டோம்."

"நல்லா யோசி."

"அந்தப் பொருக்கு. அது மட்டும்தான்."

சீஸ் தீர்ந்ததும் சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒரு பொருக்கு பிடிக்கும். சவோய்க்காரர்களுக்கு அதுதான் விருந்தின் உச்சம். மார்த்தின் தீயைக் கூட்டி வைத்துவிட்டு, பொருக்கு பிடிக்கட்டும், வெயில் நன்றாக இருக்கிறது, வாருங்கள் படம் எடுக்கிறேன் என்று எல்லோரையும் முன்வாசலுக்கு அழைத்துப் போனார். டயர்டா இருக்கு என்று பசுபதி மட்டும் உள்ளேயே இருந்துவிட்டான். திரும்பி வந்தபோது பொருக்கு, தோசையை மடித்து வைத்ததுபோல நெடுஞ்செழியனின் தட்டில் இருந்தது. கயல் ஆசையாக ஒரு துண்டு பிய்க்கக் கையை நீட்டினாள். பசுபதி தட்டை நகர்த்திவிட்டு, "இல்ல தங்கச்சி, இது மெயின் கெஸ்ட் ஒருத்தர்தான் முழுசா சாப்பிடணும். இவங்க ஊர் கஸ்டம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நெடுஞ்செழியன் மென்றுவிட்டு, "லேசா கசக்குதுடா, ஆனா நல்லாருக்கு," என்றான்.

எழிலரசிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இங்க முன்னாடி வந்திருக்கீங்க இல்ல?"

"வெட்டிங் டேக்கு வந்தோம். இவருக்கு ஒடம்பு நல்லா இருந்தப்ப." ஹம்சா கண்ணைத் துடைத்தாள். "அன்னிக்கும் இதே பொருக்கு. மேடமே பாதிப் பாதியா வெட்டி எங்க தட்டுல வெச்சாங்க."

எழிலரசி குட்டைக் கத்தியை எடுத்துக்கொண்டு மார்த்தினிடம் போனாள்.

"இது எதற்கு?"

"பொருக்கை வெட்ட. சீஸ் சாப்பிட்டது நான்கு பேர், நான்கு துண்டு. கடைசித் துணுக்கு வரை பங்கு போடுவதுதான் எங்கள் வழக்கம். இதை நீங்கள் தொடவே இல்லை போலிருக்கிறதே."

"அவர் தட்டில் மிஞ்சிய பொருக்கு எங்கே?"

மார்த்தின் குப்பைத் தொட்டியைக் காட்டினார். காப்பி கொட்டி நனைந்திருந்ததால் அதில் போட்டதாகச் சொன்னார். எழிலரசி கையுறை வாங்கி அதைத் தேடி எடுத்தாள். ஊறிப்போன மடிப்பை மெல்லப் பிரித்தாள். உள்ளே, காப்பி எட்டாத இடத்தில், பல்லி முட்டை ஓட்டைப் பொடித்ததுபோல வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது.

அவள் திரும்பி வந்து பசுபதியின் எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, என்ன மாத்திரை? எத்தனை?"

"எழில், அவர்கிட்ட என்ன கேக்கற நீ?" என்றாள் ஹம்சா.

"முதல்ல பதில் வரட்டும். டாக்டர் காத்துட்டிருக்கார்."

பசுபதி நிமிரவில்லை. 

"என் பிரஷர் மாத்திரைதான். ராத்திரி போடறது. மூணு."

எழிலரசி மாத்திரையின் பெயரையும் அவனிடம் கேட்டுக்கொண்டு, அங்கேயே மருத்துவமனைக்குப் போன் செய்து மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னாள். மறுமுனையில் ஒரு டாக்டர் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தார். பேசி முடித்ததும் அவள் நீண்ட மூச்சு விட்டாள்.

"இனி பாத்துப்பாங்க. பொழைச்சுக்குவார்."

ஹம்சா கணவனையே வெறித்துக்கொண்டிருந்தாள். "நீங்களா? அவருக்கா?"

"இவர்தான்," என்றாள் எழிலரசி. "ஒரே சட்டி, நாலு பேர், ஒருத்தருக்கு மட்டும் ஆச்சுன்னா அவருக்கு மட்டும் போனது அந்தப் பொருக்கு. நாம வெளியே நின்னப்ப சட்டிகிட்ட இருந்தது இவர் ஒருத்தர். பொடியை வெச்சு மடிச்சுட்டா யாருக்கும் தெரியாது. ஆனா வேற யாரும் தின்னுடக் கூடாது. அதுக்காக ஒரு வழக்கத்தை இவரே உண்டாக்கினார். வெட்டறதுக்குக் கத்தி பக்கத்துலயே இருந்துச்சு. நாம யாருமே அதைக் கவனிக்கல. போன தடவை பாதி வாங்கிச் சாப்பிட்டவருக்கு இவங்க ஊர் வழக்கம் தெரியாம இருக்குமா?"

"அப்புறம் காப்பி," என்று அவளே தொடர்ந்தாள். "செழியன் அண்ணா மீதியை என் பொண்ணு மானஸாவுக்கு எடுத்துட்டுப் போறேன், ஒரு பாக்ஸ் குடுங்கன்னு கேட்டார். அடுத்த நிமிஷம் உங்க கப் அது மேல கவுந்துச்சு. அப்ப நான் கை தவறிடுச்சுன்னு நெனச்சேன். நீங்க குழந்தையைக் காப்பாத்தியிருக்கீங்க. கெட்ட எண்ணத்துல செஞ்சவர் அதைச் செய்யமாட்டார். அதனாலதான் கேக்கறேன். எதுக்குண்ணா?"

பசுபதி மெல்ல நிமிர்ந்தான். பிறகு சொன்னான்.

"போன வாரம் செழியன் வீட்டுக்குப் போன் பண்ணினேன். மானஸா எடுத்துச்சு. இங்கிலீஷ்ல கேக்குது, அங்கிள், கிட்னியை யூஸ் பண்ணி முடிச்சதும் அப்பாகிட்ட திருப்பிக் குடுத்துடுவீங்களான்னு. எட்டு வயசுக் குழந்தை. எனக்கு அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல. வேணாம்டான்னு அவன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்கறான். ஹம்சாகிட்ட சொன்னா அழறா. நாளைக்குக் காலையில கடைசி செக்கப். பிரஷர் சரியில்லன்னா டாக்டரே அவனைத் திருப்பி அனுப்பிடுவார்னு நெனச்சேன். மாத்திரை போட்டா எனக்குத் தூக்கம்தான் வரும். அவனுக்கு இப்படி ஆகும்னு தெரியாது."

"உங்க உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. அவர் உடம்புக்கு அது புதுசு," என்றாள் எழிலரசி. "இது எவ்வளவு பெரிய தப்புன்னு இப்ப நான் சொல்லப் போறதில்ல. அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க."

மாலையில் நெடுஞ்செழியன் கண் விழித்துத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பசுபதி கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நெடுஞ்செழியனின் முகம் சிவந்தது.

"நான் செத்திருந்தா என்னடா பண்ணியிருப்ப?"



கயல்தான் பேசினாள். "மானஸா கேட்டது எனக்கும் தெரியும்ண்ணா. அப்பாவுக்கு ஒண்ணு போதும், அங்கிளுக்கு ஒண்ணு வேணும்னு அவகிட்ட சொல்லிட்டேன். ஓகேன்னுட்டு வெளையாடப் போயிட்டா. உங்களுக்குத்தான் யாரும் சொல்லல."

 நெடுஞ்செழியனின் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

"குடுக்கறது என் இஷ்டம்டா. வாங்கிக்கத்தான் உனக்குத் தெரியல. அத இனிமே கத்துக்கோ."

போலீசில் புகார் தருகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்று நெடுஞ்செழியன் உறுதியாகச் சொன்னான். ஆனால் மருத்துவமனை சும்மா விடவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷனை ரத்து செய்தார்கள். நண்பர்கள் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கவுன்சலரிடம் உட்கார வைத்தார்கள். தருபவனுக்கு மனப்பூர்வமான சம்மதமா, வாங்குபவனுக்குச் சம்மதமா என்று பல வாரங்கள் துருவினார்கள்.

எழிலரசி அன்றே மார்த்தினுக்குப் போன் செய்து, உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னாள். மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மார்த்தின் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தன் மொழியிலேயே நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து, பசுபதி அங்கே போனான். உணவகத்தின் நடுவில் நின்று, போன வாரம் இங்கே நடந்ததற்குச் சாப்பாடு காரணமில்லை, நான்தான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். மார்த்தின் சிறிது நேரம் அவனையே பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உப்பில்லாத சூப் கொண்டுவந்து வைத்தார்.

ஏப்ரல் மாதத்தில் ஆபரேஷன் நடந்தது.

பசுபதி மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது ஜன்னலில் காலை வெளிச்சம் இருந்தது. நர்ஸ் கட்டிலோரம் தொங்கிய பையைத் தூக்கிக் காட்டினாள். அதில் சிறுநீர் நிறைந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அப்படி ஒன்றை அவன் பார்த்ததே இல்லை. வெளிர் மஞ்சளில், சொட்டுச் சொட்டாக, நிற்காமல் வந்தது. அவன் அதையே பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதான். ஹம்சாவும் அழுதாள். பிறகு அவள் போனை எடுத்து, இரண்டு அறை தள்ளிப் படுத்திருந்த நெடுஞ்செழியனைக் கூப்பிட்டுப் பசுபதியின் காதில் வைத்தாள்.

"என்னடா, வேலை செய்யுதா?" வலியில் குரல் கம்மியிருந்தது.

"செய்யுதுடா. நல்லா செய்யுது." பசுபதி மறுபடியும் அந்தப் பையைப் பார்த்தான். "வாங்கிக்கிட்டேன்டா."

"சரி, தூங்கு," என்றான் நெடுஞ்செழியன்.