ஆறாவது கார்

சரியாக ஒன்பது நாள்களாக அந்தக் கடிதம் கேட்லினின் பள்ளிப்பைக்குள் கிடந்தது.

வியாழக்கிழமை மாலை, கணக்குப் புத்தகத்தைத் தேடும்போதுதான் அது கையில் அகப்பட்டது. பையில் எப்போதோ நசுங்கிய வாழைப்பழம் உறையின் ஒரு மூலையைப் பழுப்பாக்கி, பசையையும் பிரித்துவிட்டிருந்தது. உறை மீது அப்பாவின் பெயர். கடிதப் பெட்டியிலிருந்து எடுத்தவள் கொடுக்க மறந்துவிட்டிருந்தாள்.

கேட்லினுக்குத் திக்கென்றது.

அவளுக்குப் பத்து வயது ஆன அன்று, அப்பா கடிதப் பெட்டியின் சாவியை அவளிடம் கொடுத்திருந்தார்.

“இனிமே நம்ம வீட்டு போஸ்ட்மாஸ்டர் நீதான். ஆனா ஒரு லெட்டர் தொலைஞ்சாலும் சாவி திரும்ப எங்கிட்ட வந்துடும், சரியா?”

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒன்றைத் தன் சாவியால் திறப்பது, அவளுக்கு ராணி வேலை.

அவள் கடிதத்தைப் படித்தாள். கார் நிறுவனம் எழுதியிருந்தது. அப்பாவிடம் இருக்கும் ரகக் கார்களில் ஒரு மின்கம்பி உரசி உரசித் தீப்பிடிக்கலாம். சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதும் பிடிக்கலாம். இந்த எண்ணை அழைத்தால் மெக்கானிக் வந்து கம்பியை இலவசமாக மாற்றுவார். அதுவரை தூரம் ஓட்ட வேண்டாம். திறந்த வெளியில், மற்ற வண்டிகளை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

அப்பா வார நாள்களில் எம்ஆர்டி ரயிலில்தான் வேலைக்குப் போவார். ஆனால் சனிக்கிழமை எல்லாரும் காரில் பூன் லேயில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறார்கள். பின்சீட்டில் இரண்டு வயது ராயனும் இருப்பான்.

கேட்லின் போய் அப்பா முன்னால் நின்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல” என்றது வாய்.

இரவு உணவுக்கு முன் அவள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தாள். அதே ரகக் கார்கள் ஆறு நின்றன. ஆறாவது அப்பாவுடையது. மற்ற ஐந்து பேருக்கும் விஷயம் தெரியுமோ என்னவோ!

தாளில் எழுதிக் கண்ணாடித் துடைப்பானில் செருகலாமா? வேண்டாம். டியூஷன் விளம்பரம், வீடு விற்கும் விளம்பரம் என்று தினமும் செருகுகிறார்கள். எல்லாரும் படிக்காமலேயே கசக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் டிஷ்யூ பாக்கெட்டை சிங்கப்பூரில் யார் குப்பையில் போடுவார்கள்? சாப்பாட்டுக் கடையில் மேசை மீது வைத்து இடம் பிடிக்கவே அதுதானே வேண்டும்!

அம்மா தேக்கா சந்தையில் கட்டாக வாங்கி வைத்ததில் ஆறு பாக்கெட்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு சீட்டை ஒட்டினாள். ‘உங்கள் காரில் தீ ஆபத்து. இந்த எண்ணை அழையுங்கள். மொட்டைமாடியில் நிறுத்துங்கள்.’ அதையே ஆங்கிலத்திலும் எழுதினாள். ஆறு கார்களிலும் செருகிவிட்டு ஓடி வந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நேராக மொட்டைமாடிக்கு ஏறினாள். வெயில் சுடுகிறது என்று யாருமே வண்டி நிறுத்தாத இடம் அது. இன்று அங்கே தள்ளித் தள்ளி நின்றன கார்கள். ஒன்று, இரண்டு... ஐந்து!

மின்தூக்கியில், அதே ரகக் கார் வைத்திருக்கும் வடிவேலு அங்கிள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா லா! டிஷ்யூல எழுதியிருந்துச்சு. போன் போட்டேன், நெஜம்தான். நாளைக்குப் பத்து மணிக்கு மெக்கானிக் மேல வர்றாரு.”

கேட்லின் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். நாளைக்கு அப்பாவும் படித்துவிடுவார். கடிதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி, கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் மாடி. அப்பா பாக்கெட்டைப் பார்த்தார்.

“அட, ஃப்ரீ டிஷ்யூ! யாரோ நல்ல மனுஷன்.”

ஒன்றை உருவி, கண்ணாடியிலிருந்த காக்கை எச்சத்தைத் துடைத்தார். பாக்கெட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒன்றை உருவி ராயனின் மூக்கைத் துடைத்தார்.

“என்னமோ ஒட்டியிருக்கே?” என்றார் அப்பா.

“டியூஷன் விளம்பரமா இருக்கும்.” அம்மா சீட்டைப் பிய்த்துக் கசக்கினார். பாக்கெட் கைப்பைக்குள் போனது.

ராயனுக்கு சீட் பெல்ட் போட்டாயிற்று. அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

கேட்லின் காருக்கு முன்னால் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்தாள்.

“ஸ்டார்ட் பண்ணாதீங்கப்பா! ராயன இறக்குங்க! கார்ல தீப்பிடிக்கும்!”

வகுப்பில் அவள் ‘உள்ளேன்’ சொல்வதே யாருக்கும் கேட்காது. அந்தக் குரலா இது? அம்மா சட்டென்று ராயனைத் தூக்கிக்கொண்டார். அப்பா இறங்கி வந்து, அம்மா கையிலிருந்த கசங்கிய சீட்டை விரித்துப் படித்தார்.

“இது யாரோ வெளையாடுறாங்க. நெஜம்னா நமக்கு லெட்டர் வந்திருக்குமே? நீதானே பெட்டியத் தெறக்குற?”

கேட்லின் திரும்பி ஓடினாள். படிகளில் தடதடவென்று ஏறி, மொட்டைமாடியில் இருந்த மெக்கானிக் சுஹைப்பை அழைத்து வந்தாள். வடிவேலு அங்கிளும், இன்னொரு காரின் சொந்தக்காரரான ஷபானா ஆன்ட்டியும் பின்னாலேயே வந்தார்கள்.

சுஹைப் முன்மூடியைத் திறந்து, டார்ச் அடித்தார்.

“அண்ணே, இங்க பாருங்க. மத்த அஞ்சு காரும் பரவால்ல. இதுல கம்பி மேல்தோல் கருகியே போச்சு. இன்னிக்கு எக்ஸ்பிரஸ்வேல போயிருந்தீங்கன்னா...” தலையை ஆட்டினார்.

அம்மா ராயனை இறுக அணைத்துக்கொண்டார்.

“அந்த டிஷ்யூ வச்சது நீயாம்மா?” என்று கேட்டார் ஷபானா ஆன்ட்டி.

கேட்லின் தலையசைத்தாள்.

“ஐயோ, நான் மூக்குச் சிந்திட்டுதான் படிச்சேன்!” என்றார் வடிவேலு அங்கிள்.

எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அப்பா அவளை அப்படியே தூக்கிச் சுற்றினார்.

“எம் பொண்ணு! ஆறு குடும்பத்தக் காப்பாத்தியிருக்கா!”

பிறகு அவர் முகம் சிவந்தது. “இந்தக் கம்பெனியப் பாருங்க, எனக்கு ஒரு லெட்டர்கூடப் போடல! இப்பவே கேக்குறேன்.” கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

கேட்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதுவும் தெரியாது. சும்மா இருந்தால் போதும். மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கே கேட்டது. யாரோ ஒருவர் எடுப்பார். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவார்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக் கைப்பேசியைக் கீழே இறக்கினாள். கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றி நீட்டினாள். மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“லெட்டர் வந்துச்சுப்பா. பதினோரு நாளா என் பையிலதான் இருக்கு.”