சத்தம் நுழையாத காப்பிக் கடை

கரண்டி கோப்பையில் இடித்தது, சத்தம் வரவில்லை.

சத்தியபிரியா மறுபடியும் கலக்கிப் பார்த்தாள். காப்பி சுழன்றது, நுரை ஓரமாக ஒதுங்கியது, ஆவி முகத்தில் அடித்தது, கரண்டி பீங்கானில் உரசுவது விரலுக்குத் தெரிந்தது. காதுக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. தகரக் கூரை மேல் தூறல் விழுந்து ஜன்னலோரமாக வழிந்துகொண்டிருந்தது. அதுவும் ஊமையாகத்தான் வழிந்தது. மலைப்பாதையில் ஏறி இறங்கியதில் காது அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பயத்தைவிட அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். காலையிலிருந்து அவள் பட்ட பாட்டுக்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும், கண்ணுகளா.

பிள்ளைகளுக்கான பாடங்களைக் குரலில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது அவள் வேலை. மதுரையில் ஒரு கம்பெனி. குரல் தேன் மாதிரி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் செண்பகனூரில் ரோட்டை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் குக்கர் கூவும், டவுன் பஸ் ஹாரன் அடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலே அம்மா கூப்பிடுவாள். அம்மா அமிர்தவல்லி இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் பிறந்து, சிறுமியாக இங்கே வந்து சேர்ந்தவள். உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் எதிர் மலைக்குக் கேட்கும்.

அன்று காலை கம்பெனியிலிருந்து சுபஸ்ரீ பேசினாள். "தேனீப் பாடத்துல பின்னாடி யாரோ கத்துறாங்க பிரியா. திரும்பத் திரும்ப இதே கதையா இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் சுத்தமா வரலைன்னா வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

போனை வைத்ததும் சத்தியபிரியா அம்மாமேல் பாய்ந்தாள். "ஒன் வாயாலதாம்மா என் பொழப்பு போவுது."

வட்டக்கானல் விடுதியில் துணி துவைக்கக் கிளம்பிக்கொண்டிருந்த அமிர்தவல்லி சிரித்தாள். "என்னைய ஊமையாப் பெத்திருக்கணும்னு எங்கம்மாட்டப் போயி சண்ட போடு புள்ள. ஏதாச்சும் காப்பிக் கடையில உக்காந்து வாசி. எந்தப் பக்கம் இருக்கன்னு போன்ல சொல்லு. சோலி முடிஞ்சதும் வந்து கூட்டிப் போறேன்."

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

ஊருக்குள் முதல் கடையில் ஒரு பையன் வழிமறித்தான். "லோக்கலாங்க நீங்க? பார்சல் கவுன்ட்டர் சைடுல இருக்கு."

"பார்சல் வேண்டாம். உக்காந்து வேல பாக்கணும்."

"லேப்டாப் டேபிள் கெஸ்ட்டுக்கு மட்டுந்தாங்க."

கெஸ்ட் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். "அவரு பாக்குற வேலைய நானும் பாத்துக்கிறேன்" என்றாள். பையன் சிரிக்கவில்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, இந்த மலையைப் பார்க்கப் போட்ட நாற்காலி கிடையாதாம். சொல்லுங்கள், கோபம் வராதா?

அடுத்த கடையில் அமைதி காக்கச் சொல்லிப் பலகை மாட்டி, அதற்குக் கீழேயே ஸ்பீக்கர் அதிர்ந்தது. இன்னொன்றில் பிறந்தநாள் கேக்கும் கூச்சலும். வட்டக்கானல் வரை நடந்து, நான் இந்தப் பக்கம் என்று அம்மாவுக்கு வெடுக்கென்று சொல்லிப் போனை அணைத்தபோது அவளுக்குக் கன்னம் வலித்தது; அவ்வளவு நேரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். "எல்லா வாயும் அடைச்சுப் போவணும்" என்று வாய்விட்டே சொன்னாள்.

பாதைக்குக் கீழே, மரங்களுக்கு நடுவே ஒரு வேலிக் கதவு. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண் நின்றிருந்தாள்.

"சத்தம் புடிக்கலையா தாயி? உள்ள வாங்க. வடிவு கடைன்னு கேட்டாத் தெரியாது, இங்க யாரும் வாய் தொறந்து கேக்கிறதில்ல."

அப்படித்தான் அவள் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

உள்ளே ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் காப்பியும் கலந்து மணத்தன. எல்லாவற்றுக்கும் அடியில், ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாடை. ஒரு மூலையில் பெரியவர் ஒருவர் பேப்பர் படித்தார். ஜன்னலோரம் ஒரு கல்லூரி மாணவன். பின்கதவுக்கு அருகில் முதுகைக் காட்டியபடி, தவிட்டு நிறச் சால்வை போர்த்திய ஒருத்தி. பேப்பர் புரண்டது, நாற்காலி நகர்ந்தது, மாணவன் இருமினான். ஒன்றும் கேட்கவில்லை.

சத்தியபிரியா லேப்டாப்பைத் திறந்து மைக்கைப் பொருத்தி வாசிக்கத் தொடங்கினாள். அவள் குரல் மட்டும் கேட்டது. பதிவைப் போட்டுக் கேட்டுப் பார்த்தாள். பின்னால் ஒரு தூசி விழும் சத்தம்கூட இல்லை. இப்படி ஓர் இடம் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறதே என்று மனசு குளிர்ந்தது. ராணித் தேனீயைத் தாண்டி, கூட்டைத் தாண்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். ஜன்னலில் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் உள்ளே வந்தது.

"ஏ புள்ள... பிரியா... ஓ..."

அம்மா.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனி இறங்கினால் சரிவில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கேட்டவர் 'ஓ' என்று குரல் கொடுத்தே ஆக வேண்டும். வாயில் சோறு இருந்தாலும் சரி, மூஞ்சியில் முழிக்காத பகையாக இருந்தாலும் சரி. பதில் வராவிட்டால் கூப்பிட்டவர் பாதையில் நிற்க மாட்டார். விழுந்து கிடக்கிறாரோ என்று தேடிச் சரிவில் இறங்கிவிடுவார். தொட்டிலில் கிடக்கும்போதே சத்தியபிரியாவுக்கு இதைப் பழக்கியிருந்தாள் அமிர்தவல்லி.

'ஓ' தொண்டை வரைக்கும் வந்தது. திரையில் பதிவுக் கோடு எகிறியிருப்பதைப் பார்த்தாள். கடைசிப் பக்கமும் போச்சு. அம்மா இங்கேயும் வந்துவிட்டாள். இந்த ஒரு இடத்தையும் விட்டுவைக்கவில்லை.

வந்த குரலை விழுங்கினாள்.

"பிரியா... ஓ..." இப்போது குரல் பாதையிலிருந்து வரவில்லை. கீழிருந்து வந்தது.

பெரியவர் பேப்பரைத் தாழ்த்தினார். மாணவன் தலை நிமிர்ந்தான். இருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

கடைக்காரி வடிவு அருகில் வந்து குனிந்தாள். "பதில் குடுக்கலையா தாயி?"

"வேல முடியட்டும்."

"நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிக்க என்ன இருக்கு. கத்தட்டும்."

வடிவு மெதுவாக நிமிர்ந்தாள். பின்கதவுப் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ போ."

சால்வைக்காரி எழுந்தாள். சத்தியபிரியாவின் உயரம். அதே ஒடிசல். திரும்பாமலே கதவைத் திறந்தாள். பனி உள்ளே வந்து அவள் காலைச் சுற்றியது.

"ஓ... இங்கதாம்மா இருக்கேன்."

சத்தியபிரியாவின் குரல். தேன் மாதிரிக் குரல்.

"அங்கயா இருக்க?" அம்மாவின் குரலில் உயிர் திரும்பியது. "நில்லு புள்ள, அசையாத. நான் வாரேன்."

சால்வைக்காரி வெளியே போனாள்.

சத்தியபிரியா எழுந்தாள். நாற்காலி விழுந்தது. சத்தமில்லை. கோப்பை உருண்டு உடைந்தது. சத்தமில்லை. வாசலுக்கு ஓடினாள். அம்மா. வாய் திறந்தது. நரம்பு புடைத்தது. அம்மா. காற்று மட்டும் வந்தது. அதுவும் வந்ததா என்று தெரியவில்லை. திரும்பி மேசையைப் பார்த்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கோடு நேராகக் கிடந்தது.

படிகளில் இறங்கினாள். படிகள் முடிந்த இடத்தில் வேலி. வேலிக்கு அப்பால் பனி. கல்லை எடுத்து வேலித் தகரத்தில் அடித்தாள். அடித்தாள். தகரம் நசுங்கியது. கேட்கவில்லை.

பனி ஒரு கையகலம் விலகியது.

கீழே, பாதை இல்லாத சரிவில், பாறை விளிம்பில், அமிர்தவல்லி நின்றிருந்தாள். புடவை முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே சால்வைக்காரி.

"இம்புட்டுக் கோவமாடி எம்மேல? பதில் குடுத்திருக்கலாம்ல. தொண்டத் தண்ணி வத்திப்போச்சு."

"தப்புத்தாம்மா."

"சரி விடு. குளிருதா?"

அமிர்தவல்லி தன் தலைத்துண்டை அவிழ்த்து அவளுக்குக் கட்டிவிட்டாள். காதோரம் செருகினாள். நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டாள். கன்னம் இருக்க வேண்டிய இடத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். கை தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. துண்டுக்குள் பனி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

"போவோமாம்மா" என்றது அது, சத்தியபிரியாவின் குரலில். அமிர்தவல்லி அதன் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு, விளிம்புக்கு அப்பால் அது காட்டிய பக்கம் காலெடுத்து வைத்தாள்.