நாற்பதாம் நாள் குளிப்பு

சாரல் நாட்களில் குற்றாலத்து ஓட்டு வீடுகளுக்குள் காயாத துணியின் வாடை அடிப்பது வழக்கம்தான். முப்பத்தாறாம் வருஷத்து ஆடியில், அந்த மத்தியானம், அதற்கு அடியில் வேறொரு வாடை, எலி செத்துக் கிடப்பதுபோல, செண்பகவல்லியின் மூக்கில் வந்து வந்து போனது. மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டாள். ஒன்றுமில்லை.

இளையாள் மாடத்திக்குப் பிள்ளை பிறந்து அன்று நாற்பதாம் நாள். தீட்டுக் கழிய அருவியில் தலை முழுகப் புறப்பட்டவள், பிள்ளையின் கன்னத்தில் புளியங்கொட்டை அளவு மை வைத்தாள். யார் கண்ணுக்குப் பயந்து அந்த மை என்று செண்பகவல்லிக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்த வீட்டில் சமைத்தவளுக்கு, மை வைக்க ஒரு கன்னம் வாய்க்கவில்லை.

"அக்கா, பாத்துக்கிடுதியா? பின்கதவச் சாத்திரு, கொரங்கு வருது."

"அவகிட்ட என்னட்டி சொல்லிக்கிட்டு?" இருவருக்கும் புருஷனான தையல்காரன் தங்கசாமி, குடையை விரித்தபடி சிரித்தான். "தொட்டில் கயித்தக் கையில குடுத்துட்டு வா. நம்ம மிஷின் மாதிரி, நிறுத்துனாத்தான் நிப்பா."

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே குடைக்குள் இருவரும் ஒட்டி நடப்பதைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள் செண்பகவல்லி. பின்கதவைச் சாத்தவில்லை. மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொண்டாள்.

கயிற்றை இழுத்தாள். உத்திரம் முனகியது. தூரத்தில் அருவியின் இரைச்சல், ஓட்டின்மேல் சாரலின் குசுகுசுப்பு, சேலைத் தொட்டிலுக்குள் பால் மணக்கும் சின்ன மூச்சு. பிறகு அந்த வாடை, இப்போது முதுகுக்கு மிக அருகில்.

திரும்பினாள்.

தாய்க்குரங்கு. அதன் நெஞ்சில் ஒரு குட்டி. தலை தொங்கி, வயிறு வீங்கி. செத்து மூன்று நாளாவது இருக்கும். ஈக்கள்.

அது தொட்டிலைப் பார்த்தது.

விரட்ட ஒரு கைதட்டல் போதும். துடைப்பமும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. குரங்குக்கு யோசனை கிடையாது, ஏங்கினால் எடுக்கும். மிஷினுக்கும் கிடையாது, மிதித்தால் ஓடும். தனக்கு உண்டு. தட்டலாம். தட்டாமலும் இருக்கலாம். தட்டினால் யாருடைய பிள்ளை பிழைக்கும் என்று யோசித்தாள். நாளைக்குக் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். நிதானமாக, ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

குரங்கு ஓர் அடி வைத்தது. தயங்கி நின்றது. அவள் முகத்தைப் பார்த்தது. கேட்பதுபோல.

அவள் கைகள் மடியில் கிடந்தன.

சேலை விலகியது. ஒரு சிணுங்கல். பின்கதவு. முற்றம். மரக்கிளை. மழைக்குள் சிணுங்கல் தேய்ந்தது.

போகும்போது குரங்கின் நெஞ்சில் செத்த குட்டி இல்லை.

வாசலில் ஈரக் கால்கள்.

"பிள்ள எந்திரிச்சானாக்கா? மாரு கட்டிக்கிட்டு வலிக்கி."

"இல்லட்டி. தூங்குதான்."

மாடத்தி தலைமயிர் சொட்டச் சொட்ட வந்து, ரவிக்கையைத் தளர்த்தியபடி குனிந்தாள். மழையிருட்டில் தொட்டிலுக்குள் கைவிட்டுத் தடவி, அந்தக் குளிர்ந்த சின்னத் தலையை எடுத்து, "என் ராசா" என்று மாரோடு சேர்த்தாள்.