படித்து முடித்த உடம்பு

முகர்வு நரம்பைப் பற்றிய பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிழையுமில்லாமல் ருமியானா ஒப்பித்து முடித்த அதே நொடியில் குடமிளகாய் வாசனை நின்றுபோனது. செப்டம்பர் மாதத்தில் ப்ளோவ்திவ் நகரத்தில் குடமிளகாய் வாசனை நிற்பதென்றால் லேசான காரியமில்லை. முற்றத்துக்கு முற்றம் சுட்டு, தோலுரித்து, புட்டியில் அடைத்துக்கொண்டிருப்பார்கள்; கருகிய தோலின் இனிப்பும் கசப்பும் கலந்த அந்தப் புகை திரைச்சீலை, தலையணை, தலைமுடி என்று ஏறி உட்கார்ந்தால் நவம்பர் வரை இறங்காது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே வீட்டுக்காரி பென்கா அடுப்பை விட்டு நகரவில்லை. புகை நேராக ருமியானாவின் முகத்தில்தான் வந்து மோதியது. கண் எரிந்தது. மூக்கில் ஒன்றுமில்லை.

"என்னடி, படிக்காம வேடிக்கை பாக்குற?" என்றாள் பென்கா. "நீ கத்துறதக் கேட்டுக் கேட்டு எங்க வீட்டுப் பூனையே பாஸ் பண்ணிடும் போல!"

"பூனையையே அனுப்புங்க அத்தை. எனக்குப் பதிலா போயிட்டு வரட்டும்."

"அனுப்பிடுவேன். அது ரெண்டு தடவை தோத்துட்டு வந்து நிக்காது."

மருத்துவர் உரிமத்துக்கான அரசுத் தேர்வு அது. மூன்று பேராசிரியர்கள் முன்னால் ஒரு சீட்டை எடுத்து, அதில் வந்ததைப் பற்றி வாயால் சொல்ல வேண்டும். ஆறு மதிப்பெண் வாங்கினால் உச்சம். இரண்டு வாங்கினால் தோல்வி, வீட்டுக்குப் போகலாம். ருமியானா இரண்டு முறை இரண்டு வாங்கியவள். வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. டான்யூப் கரையில் அவள் பிறந்த ஊரின் மருத்துவமனை, தன்னிடம் இருக்கும் ஒரே டாக்டர் நாற்காலியை அக்டோபர் முதல் தேதி வரைதான் காலியாக வைத்திருக்கும்.

சளியாக இருக்கும் என்று அவள் மேலே படித்தாள். அன்று மாலை, தட்டினால் கால் தானாக உதைக்கும் முழங்கால் அனிச்சை. படித்ததை உடனே தன் உடம்பிலேயே சரிபார்ப்பது மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். உடம்பு என்கிற அந்தப் புத்தகம் மட்டும்தான் எப்போதும் கூடவே வரும். ஒப்பித்தாள். சிறிய சுத்தியால் முட்டிக்குக் கீழே தட்டினாள். கால், கொடியில் போட்ட ஈரக் கோட்டு மாதிரி தொங்கியது. இன்னொரு தட்டு. காலையில் உதைத்த கால்தான்.

செவ்வாய்க்கிழமை கண்மணி. குளியலறைக் கண்ணாடி முன் நின்று டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடித்தாள். கறுப்பு வட்டம் சுருங்கவில்லை. வெளிச்சம் முழுவதும் உள்ளே போய் எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது.

படிக்கிற வியாதியெல்லாம் தனக்கே வந்துவிட்டதாக மருத்துவ மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று பேராசிரியர்கள் கேலி செய்வதுண்டு. ருமியானா அதைச் சொல்லித் தன்னைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு எதுவும் வரவில்லை. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மண்டைக்குள் ஏறியது உடம்பிலிருந்து இறங்கிவிடுகிறது. இவ்வளவுதான் கணக்கு.

மறந்துவிடலாமென்று புதன்கிழமை சாயங்காலம் பென்காவின் பிளம்பழச் சாராயமான ரக்கியாவை மூன்று கிளாஸ் குடித்தாள். தொண்டை எரியவில்லை, தலை சுற்றவில்லை. இரைப்பையை அன்று காலையிலேயே படித்து முடித்திருந்தாள். கட்டிலில் புரண்டு படுத்தபோது, பாதி நிரம்பிய புட்டியைச் சாய்த்தாற்போல வயிற்றுக்குள் சாராயம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும் சத்தம் கேட்டது.

வியாழன் நண்பகலில் இரண்டே பக்கங்கள் மிச்சம். இதயத்துடிப்பு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக இறங்குகிறது. அந்த இரண்டையும் சேர்த்துத் துணிக்கிளிப்பைப் போட்டுக் கவ்வ வைத்திருந்தாள். வீடு வெயிலில் கிடந்தது. முற்றத்தில் பென்கா புட்டிகளைக் கழுவும் ஓசை. வேறு சத்தமில்லை. அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்ன ருமி, இந்தத் தடவையாவது தேறுமா?"

"ரெண்டு பக்கம் மட்டும் விட்டுடலாம்னு பாக்குறேன்மா."

"எதப் பத்தி?"

"இதயம்."

"இதயம் தெரியாத டாக்டரா! ரொம்ப நல்லா இருக்குடி. சீட்டுல அது வந்துட்டா? போன தடவையும் எதையோ விட்டுட்டுப் போய்த்தானே ரெண்டு வாங்கிட்டு வந்த? ரொட்டிக் கடையில நிக்க முடியல எனக்கு. 'டாக்டரம்மாவோட அம்மா வர்றாங்க, வழி விடுங்க'ன்னு சிரிக்கிறாளுங்க."

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"பயந்தா அந்த ரெண்டு பக்கமும் தானா ஏறிடுமா? உக்காந்து படி."

அழலாம் என்று நினைத்தாள். கண்ணீர்ச் சுரப்பி காலையிலேயே முடிந்திருந்தது.

கிளிப்பை எடுத்தாள். படித்தாள். மெதுவாக, வார்த்தை வார்த்தையாக, காதுக்குள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்த, கேட்கிறதென்று ஒருநாளும் கவனித்திராத ஒரு தாளத்தைக் கூட வைத்துக்கொண்டு படித்தாள். கண்ணை மூடினாள். ஒப்பித்தாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். கடைசி வரி.

தாளம் நின்றது.

ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். ஒன்றுமில்லை. இடது பக்கம். கீழே. ஒன்றுமில்லை. படியிறங்கி ஓடினாள், மூச்சு வாங்கவில்லை. பென்காவின் ஈர நெஞ்சில் அழுத்தி வைத்தாள். டிராக்டர் மாதிரி இடித்தது.

"என்னடி இது, குளுகுளுன்னு கை! என்ன சொல்லுது உள்ள? ஓடுதா?"

"நல்லா ஓடுது அத்தை."

"பின்ன ஏன் உன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அறைக்கு வெளியே பெஞ்சில் அம்மா, மடியில் பூங்கொத்தோடு. உள்ளே நீளமேசை. மூன்று பேராசிரியர்கள், ஜன்னல் வெயில் முழுவதும் அவர்கள் முகத்தில். சீட்டை எடுத்தாள். சிறுநீரகம்.

இதயத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் சொன்னாள். தடுமாறவில்லை, நிறுத்தவில்லை. புத்தகமே எழுந்து நின்று பேசியது போலிருந்தது. நடுவில் இருந்த தலைவர் எழுந்து கை நீட்டினார்.

"பிரமாதம், டாக்டர். இனிமே நீங்க எங்கள்ல ஒருத்தர்."

அவர் கை சில்லென்றிருந்தது. பழக்கத்தில் அவள் விரல் அவர் மணிக்கட்டுக்கு நகர்ந்தது. அவர் விரலும் அவள் மணிக்கட்டுக்கு நகர்ந்தது. இருவரும் துடிப்புக்காகக் காத்திருந்தார்கள். அவர் புன்னகைத்தார்.

நிமிர்ந்து பார்த்தாள். கொளுத்தும் வெயிலில் மூன்று ஜோடிக் கண்மணிகளும் கிணறு மாதிரி விரிந்து கிடந்தன. ஓரத்தில் இருந்தவரின் திறந்த விழிமேல் ஒரு ஈ உட்கார்ந்தது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு நடந்தது. நின்று, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. அவர் இமைக்காமல் அவள் பெயருக்கு நேரே ஆறு என்று எழுதினார்.

ஈ பறந்தது. மேசையைத் தாண்டி வந்தது.

கதவுக்கு வெளியே, "என்ன ஆச்சு? என் பொண்ணு தேறிட்டாளா?" என்று யாரிடமோ அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ருமியானாவின் இடது கண்ணுக்குள் கறுப்புக் கால்கள் மிகப் பெரிதாக, மயிர் மயிராக, ஒவ்வொன்றாக ஊன்றி நடந்தன. இமை மூடும் என்று அவள் காத்திருந்தாள்.