வலிதாங்கி

காப்பித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வழக்கம்போல் யாழினி சமையலறை வாசல் நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"திருகட்டுமா அத்தே?" கூடத்திலிருந்து சிசோமோ கேட்டாள்.

"ம், திருகு கண்ணு."

ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து வந்து, சில மாதங்களில் தமிழ் பழகிவிட்ட சிறுமி. வளைந்து பிறந்த அவளுடைய வலது காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். தினமும் அவற்றின் திருகாணியை ஒரு சுற்று முறுக்கினால், அறுத்துவைத்த எலும்பு மயிரிழை விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு ஊறும். சிசோமோ ஒரு கையால் பொரி தின்றபடி மறு கையால் முறுக்கினாள். யாழினியின் வலது கால் முறிவதுபோல் இழுத்தது. பல்லைக் கடித்து மூச்சை மெல்ல விட்டாள். அவள் காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

"முடிஞ்சுது. அழுதீங்களா அத்தே?"

"போடி வாயாடி. வெங்காயம் அரிஞ்சேன்."

"வெங்காயம் கூடையிலயே இருக்குது."

எலும்பு வளரும் மாதங்களில் வலிமருந்து கொடுத்தால் இந்த வைத்தியம் பலிக்காது. வலியை வேறெங்காவது இறக்கித்தான் ஆக வேண்டும். காசுள்ளவர்கள் அதை இயந்திரத்தில் இறக்கிவிடுவார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குக் கோவையின் அறக்கட்டளை மருத்துவமனை ஒன்று அறுவை சிகிச்சையைத் தானமாகச் செய்தது. வலியை வாங்கிக்கொள்ளத் தொண்டர்கள் வந்தார்கள். பிள்ளையின் பிடரியில் ஒரு நரம்பிணைப்புப் பட்டை, தொண்டரின் பிடரியில் அதன் ஜோடி. 'வலியேற்புத் தொண்டர்' என்பது அடையாள அட்டையில் இருந்த பெயர். வலிதாங்கி என்பது ஊர் வைத்தது.

சிசோமோ யாழினிக்கு ஆறாவது பிள்ளை. இப்போதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் கண் செருகியது. எது தன் மூட்டுவலி, எது பிள்ளையின் வலி என்று பிரித்துப் பார்க்கவும் தெம்பில்லை. இதோடு போதும் என்று பட்டைகளைப் பராமரிக்கும் அன்வரிடம் சொல்லியும்விட்டாள்.

கடைசி மாதத்தில் மட்டும் ஒரு வேலை இருந்தது. மாதக்கணக்கில் வலியை வெளியே அனுப்பிய உடம்பு, அது தன்னுடையது என்பதையே மறந்துவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் நரம்பு மரத்துப்போகும். ஆகவே வாரம் ஒரு படியாக இணைப்பைக் குறைத்து, வலியைப் பிள்ளையிடமே திருப்பித் தர வேண்டும்.

யாழினி தன் பிடரிப் பட்டையில் இருந்த குமிழில் முதல் படியைக் குறைத்தாள். சிசோமோ தன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டு அலறினாள். யாழினி குமிழை உடனே பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டாள். இத்தனை தாங்கியாயிற்று, இன்னும் நாலு வாரம்தானே? அன்வர் போனில் கேட்டபோதெல்லாம், "குறைச்சாச்சு தம்பி," என்றாள்.

அன்று அவள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திடீரென்று இடது உள்ளங்கை பற்றி எரிந்தது. விரித்துப் பார்த்தாள், கை சுத்தமாக இருந்தது. அடுத்த கணம் புரிந்து, ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சிசோமோ காய்ந்த தோசைக்கல்லை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். தோல் கருகும் வாடை. முகத்தில் சிரிப்பு.

"கல்லு புகைஞ்சுது அத்தே. நானே இறக்கிட்டேன்."

மருத்துவமனையில் நர்ஸ் சிசோமோவின் கைக்குக் கட்டுப் போட, அன்வர் யாழினியின் பிடரிப் பட்டையில் குமிழைப் பார்த்தான்.

"ஒரு படிகூட குறைக்கலையாக்கா?"

"அழுதா, தம்பி."

"அழோணும்க்கா. அதுக்குத்தான குறைக்கச் சொன்னது. அவங்க ஊட்ல விறகடுப்புங்க. அங்க இவ கை வெச்சா, இங்கிருந்து நீங்களா ஓடிப் போவீங்க?"

யாழினி தன் இடது உள்ளங்கையைப் புடவையில் பொத்திக்கொண்டாள். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இவ ஊருக்குப் போறதைத் தள்ளிப் போடச் சொல்றேன். நாளைக்கே ஆரம்பிச்சுருங்க," என்றான் அன்வர்.

மறுநாள் காலை யாழினி குமிழைக் குறைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். பழக்கதோஷத்தில் கைகள் நிலையைப் பிடித்தன.

"திருகட்டுமா அத்தே?"

"திருகு."

யாழினியின் காலில் இழுப்பு வந்தது, ஆனால் லேசாக. பல்லைக் கடிக்கத் தேவையிருக்கவில்லை. கூடத்தில் பொரிக்கிண்ணம் உருண்டது.

"அத்தே! எடுத்துக்குங்க! அத்தே, எடுத்துக்குங்களே!"

கையை எடுத்தால் அது நேராகப் பிடரிக் குமிழுக்குத்தான் போகும் என்று யாழினிக்குத் தெரிந்தது. ஆறு பிள்ளைகளின் வலிக்கும் அவள் அந்த நிலையை இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.