வீடு வீடாக நடந்த சிவப்பு

காலை ஏழே காலுக்கும் கஜபதியின் மணிக்கட்டில் துயர்மானி சிவப்பாகவே எரிந்தது. இது ஐந்தாவது நாள். ஏழு நாள் விடாமல் எரிந்தால் வெள்ளை வண்டி வரும். ஏறினால், செங்கல்பட்டைத் தாண்டி எங்கோ இருக்கிற தேற்றகத்தில் ஆறு மாதம். நல்ல சோறு, நல்ல மெத்தை, நல்ல மருந்து. போய் வந்தவர்கள் எப்போதும் சிரித்தபடி இருந்தார்கள். எதற்கு என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை.

அறுபத்தைந்து தாண்டிய எல்லோர் கையிலும் அந்தப் பட்டை உண்டு. நாடி, தூக்கம், நடந்த அடிகள், பேசும் குரலின் கனம், இத்தனையையும் கூட்டிக் கழித்து மனசு எப்படி இருக்கிறது என்று நிறத்தில் காட்டும். ஆய்வாளர் யாமினி கண்டுபிடித்தது. அவளுடைய அம்மா போன பிறகு, அப்பா பதினோரு மாதம் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். பிறகு ஒரு நாள் அவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். பிழைத்துக்கொண்டார் என்றாலும், அந்த ‘அப்படித்தான்’ என்ற ஒரு வார்த்தையை உலகத்தை விட்டே துரத்த வேண்டும் என்றுதான் அவள் இருபது வருஷம் உழைத்தாள்.

கஜபதியின் மனைவி கன்னியம்மா கார்த்திகையில் போனாள். துறைமுகத்தைப் பார்க்கும் ஜன்னலை அன்று மூடியவர் இன்னும் திறக்கவில்லை.

பதினான்காவது மாடியில் இருந்த அவர் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு மொய்தீன் பாய் வந்தார். மூன்றாவது மாடிக்காரர். முப்பது வருஷம் ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கியவர்.

"இன்னா நைனா, பகல்லயே லைட்டு போட்டுனு குந்தினுகீறே?"

"எரியுது. நா இன்னா பண்ணட்டும்?"

"கழட்டு அத்த. என்னுத நீ மாட்டிக்க."

"இன்னாத்துக்கு பாய்?"

"மூட்ட உனக்கு ஜாஸ்தியாயிச்சி. தோள் மாத்து."

துறைமுகத்தில் ஆறு பேர் ஒரு கூட்டம். கப்பலிலிருந்து கிடங்குக்கு நடக்கும்போது ஒருவனுக்கு முட்டி நடுங்கினால், பின்னால் வருகிறவன் ஒன்றும் கேட்காமல் தோளை உள்ளே கொடுத்து மூட்டையை வாங்கிக்கொள்வான். நன்றி சொல்கிற பழக்கம் கிடையாது. மேஸ்திரிக்கும் தெரியக் கூடாது. நாளைக்கு அவனுக்கு நடுங்கும், இவன் வாங்குவான். இப்போது ஆளில்லாக் கப்பல் வருகிறது, ஆளில்லாத் தூக்கி இறக்குகிறது. தோள் மட்டும் பழசை மறக்கவில்லை.

பட்டைக்கு ஆள் அடையாளம் தெரியாது. தன் மனசை இன்னொருவன் கையில் யார் கட்டப் போகிறார்கள் என்று யாமினி அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தாள். பாயின் கையில் கஜபதியின் பட்டை பச்சையானது. கஜபதியின் கையில் பாயின் பட்டை சிவந்தது. மறுநாள் காலை பாய் தன்னுடையதை வாங்கிக்கொள்ள வந்தார். அதே கூட்டத்து ஆள், ஒன்பதாவது மாடித் தேசிங்கு தன்னுடையதைக் கொடுக்க வந்தான். மூன்று டம்ளர் டீ. அதற்கடுத்த நாள் தேசிங்கும் இன்னொருவனும். ஆறு பட்டை, ஆறு நாள். ஏழாவது நாள் யாருக்குமே வரவில்லை.

நகரத்தின் மறுகோடியில் யாமினி திரையைப் பார்த்துத் திகைத்தாள். ஒரு கட்டிடத்தில் சிவப்பு நடக்கிறது! பதினான்காவது மாடியில் அணைந்து மூன்றில் எரிகிறது, மூன்றில் அணைந்து ஒன்பதில். துயரம் தொற்றுநோயா? கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதிவிட்டாள். ஆனால் இரண்டாம் மாதத்தில் அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளானது. மூன்றாம் மாதத்தில் எங்கும் பச்சை. மருந்து யாரும் கொடுக்கவில்லை. நேரிலேயே கிளம்பி வந்தாள்.

அவள் வந்தபோது கஜபதி வீட்டில் ஆறு பேரும் இருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

"கந்தகம் எறக்கன அன்னிக்கு வூட்டுக்குப் போனா பூனகூட கிட்ட வராது," என்று கஜபதி சொல்லிக்கொண்டிருந்தார். "கன்னிம்மா சோத்துத் தட்ட தூக்கி மேல வெச்சிரும். மொதல்ல போய் குளி, மஞ்ச பொம்ம மாதிரி கீறேன்னும்."

"நீ கோதும எறக்கன அன்னிக்கு மட்டும் இன்னா அயகா இருந்தியா?" என்றான் தேசிங்கு. சிரிப்பு அடங்க நேரமானது. அப்புறம்தான் வாசலில் நின்றவளைக் கவனித்தார்கள்.

அவள் தான் யார் என்று சொன்னாள். சிவப்பு ஏன் நடந்தது என்று கேட்டாள். கஜபதி எழுந்தார்.

"தப்பு என்னுதும்மா. இவனுங்கள உட்ரு. வண்டிய இப்பவேகூட வரச் சொல்லு, நா ஏறிக்கிறேன்." நடந்ததை எல்லாம் சொன்னார்.

யாமினி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பச்சை. "ஐயா, இது யாரோட பட்டை?"

"என்னுதுதான். பத்து நாளா என்னுதத்தான் மாட்டினுகீறேன்."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் வந்திருக்கீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாத்தறதுக்குத்தாம்மா வருவோம்," என்றார் பாய். "பேசினே மறந்துர்றோம்."

வண்டி வரவில்லை. யாமினி ஒளிக்காமல் அறிக்கை எழுதினாள். முதல் பாதியில், ஒருவரின் சிவப்பை ஆறு பேர் பங்கு போட்டதை எழுதினாள்; இரண்டாம் பாதியில், குணமாக்கியது பட்டை அல்ல, அதை மாற்ற மாடி ஏறி வந்த கால்கள் என்று எழுதினாள். மேலிடத்துக்கு அறிக்கை ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் பாதி மட்டும்.

அடுத்த மாதம் எல்லோருக்கும் புதுப் பட்டை வந்தது. தானியங்கித் தோள்மாற்றி. ஒருவரின் துயர அளவைக் காற்றிலேயே ஐந்து பேருக்குப் பிரித்துவிடும். யாரும் படி ஏற வேண்டாம். கழற்ற வேண்டிய தேவையே இல்லாததால் திறக்கும் கொக்கியும் வைக்கவில்லை. ஊர் முழுக்கப் பச்சை. வெள்ளை வண்டிகள் நின்றுபோயின. யாமினிக்கு மாலை போட்டார்கள். யாரும் யாரையும் போய்ப் பார்க்கவும் இல்லை. பச்சையாக இருக்கிறவனைப் போய் என்னவென்று பார்ப்பது?

மூன்று வாரம் டீ ஒரு டம்ளராகவே கொதித்தது. கஜபதிக்குப் பொறுக்கவில்லை. ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு இறங்கினார்.

பாய் ஜன்னலை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. கையில் பச்சை.

"பாய், கழட்டு அத்த."

"கழட்ட வராது நைனா. கொக்கியே கெடையாது."

"தெரியும். நவுந்து குந்து. இஸ்துப் பாப்போம்."

யாமினியின் திரையில் ஓர் எச்சரிக்கை துடித்தது: பட்டையை அகற்ற முயற்சி, மூன்றாவது மாடி. மறுநாள் காலை ஒன்பதாவது மாடி. அதற்கடுத்த நாள் ஆறாவது மாடி. துடிப்பு வீடு வீடாக நடந்தது.

அவள் பட்டியலில் இன்னொரு பெயரைத் தேடினாள். அவளுடைய அப்பா. பச்சை. போன மாதமும் பச்சை. அதனால்தான் மூன்று வாரமாக அவர் அறைக்குள் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனாள். அப்பா ஜன்னல் ஓரமாக இருந்தார். பக்கத்தில் போய் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கழட்டப் பாக்கறேன்பா."

"அது வராதே. நீதானே செஞ்சே?"

"தெரியும்பா. கொஞ்சம் தள்ளி உட்காருங்க."